குழந்தைகள் கையில் நாற்று வேண்டாம், விதை கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில் நகரத்தில் வசிப்பவள் நான். தொடக்கப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகளாகின்றன. காலைத் தேநீரோடு தங்கள் நாளிதழை இணையத்தில் படிப்பது அன்று முதல் தவறாத பழக்கம். அண்மையில் தங்கள் ஞாயிறு இணைப்பில், குழந்தைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டில் காய்கறி வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு இரண்டு முறை படித்தேன். மண் கலவை பற்றியும் தொட்டியின் அளவு பற்றியும் கட்டுரையாளர் எழுதியிருப்பவை பயனுள்ளவை. ஆயினும் அதில் சொல்லப்பட்ட இரண்டு அறிவுரைகளைப் பற்றி எழுதாமலிருக்க முடியவில்லை. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பதை எல்லா வாசகர்களுக்கும் பொதுவிதியாக்கி, எந்தக் காயானாலும் ஆடியில் போடுங்கள் என்றது ஒன்று. சிறு பிள்ளைகளுக்குப் பொறுமை இராது, ஆகவே விதை போட்டுக் காக்க வைக்காமல் நாற்றுப் பண்ணையிலிருந்து நாற்று வாங்கிக் கொடுத்து நடச் சொல்லுங்கள் என்றது மற்றொன்று. முதலாவது எங்களைப் போன்ற தென்பாதி உலகத்தவர்க்குப் பொருந்தாது, அவ்வளவே. இரண்டாவது எங்கும் பொருந்தாது என்பது என் கருத்து.

ஆடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கத்திரி வெயில் தணிந்து, ஆறுகளில் புதுநீர் வந்து, ஐப்பசி அடைமழைக்கு முன்னால் பயிர் வேரூன்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கிற மாதம் ஆடி. அந்த மண்ணுக்கு அந்தப் பழமொழியில் ஒரு சொல்லும் பிசகில்லை. நாங்கள் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில். எங்களுக்கு ஜூலையும் ஆகஸ்டும்தான் ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் உள்ள கியூர்பீப் போன்ற மேட்டுநிலத்தில் ஆடி முழுவதும் சாரலும் ஈரமும்தான். அந்தச் சில்லிட்ட மண்ணில் வெண்டையையும் புடலையும் ஊன்றினால் அவை முளைப்பதற்கு முன் அழுகிவிடும். மறைந்த என் மாமியார் மட்டும் ஆடிப் பட்டத்தை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆடி அமாவாசைக்குள் நாலு பாகல் விதையாவது ஊன்றுவார். அவை அழுகும். புரட்டாசியில் யாரும் பார்க்காதபோது அதே குழியில் மறுபடி நாலு ஊன்றிவிட்டு, முளை வந்ததும் ‘ஆடியில் போட்டதுதான் இப்போது எட்டிப் பார்க்கிறது’ என்பார்.

இங்கே ஆடிக்கு உரியவை முள்ளங்கி, பீன்ஸ், காரட், வெந்தயம், கொத்தமல்லி போன்றவை. வெண்டை, கத்தரி, புடல், பாகல், பீர்க்கு ஆகியவற்றுக்குப் புரட்டாசிக் கடைசியே சரியான பட்டம். அதற்கு மேலும் தள்ளிப்போட்டால், ஜனவரி முதல் மார்ச் வரை புயல்கள் சுற்றிவரும் நாட்களில் பந்தல் நிறையக் காய் தொங்கும், ஒரே இரவில் பந்தலோடு போய்விடும். அக்டோபர் எங்கள் தீவின் மிக வறண்ட மாதம் என்பதால் தண்ணீர் ஊற்றும் வேலை கூடுதல்தான். ஆனால் தண்ணீர் ஊற்றுவதைப் பிள்ளைகள் வேலையாகவே எண்ணுவதில்லை. ரியூனியனிலும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் பருவங்கள் இப்படித் தலைகீழானவைதாம். அவர்களிலும் தங்கள் வாசகர்கள் இருப்பார்கள்.

இனி நாற்று விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்குப் பொறுமை குறைவு என்பதை முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பொறுமை எந்த நாட்களில் சோதிக்கப்படுகிறது என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கடையில் வாங்கிய கத்தரி நாற்றைத் தொட்டியில் நட்டால், வேர் பிடிக்கும்வரை ஒரு வாரம் அது வாடித் தலை சாய்ந்து நிற்கும். பிறகு பூ வரும்வரை பல வாரங்களுக்கு, குழந்தையின் கண்ணுக்கு அது நேற்றிருந்தபடியேதான் இன்றும் இருக்கும். விதையில் நடப்பதோ நேர்மாறு. முதல் பத்து நாட்களில் ஒவ்வொரு நாளும் ஏதாவதொன்று மாறுகிறது, குழந்தையின் ஆர்வமும் அந்தப் பத்து நாட்களில்தான் உச்சத்தில் இருக்கிறது. நாற்று வாங்கிக் கொடுப்பவர் அந்தப் பத்து நாட்களையும் நாற்றுப் பண்ணைக்காரருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய மந்தமான நாட்களைப் பிள்ளையிடம் ஒப்படைக்கிறார். மேலும், முள்ளங்கியையும் காரட்டையும் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணும். பீன்ஸும் பூசணிக் குடும்பத்துக் கொடிகளும் வேர் அசைவதைப் பொறுக்கமாட்டா. பிள்ளைகளுக்கு மிக எளிதான இந்தப் பயிர்களெல்லாம் நேரே விதைக்க வேண்டியவை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2020 மார்ச் 20 அன்று இங்கே ஊரடங்கு தொடங்கியது. சில நாட்களில் பேரங்காடிகளையும் மூடிவிட்டார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் திறந்தபோது, குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி இன்ன எழுத்துக்காரர் இன்ன நாளில்தான் கடைக்குப் போகலாம் என்று முறை வைத்தார்கள். மகள் குடும்பம் அப்போது என் வீட்டில் இருந்தது. பேத்திக்கு வயது ஏழு, பேரனுக்கு நான்கு. நாற்றுப் பண்ணையைப் பற்றி நினைக்கவே முடியாது. சமையலறையில் இருந்தவை அஞ்சறைப் பெட்டியும், பருப்பு டப்பாக்களும், குழம்புக்கு அரிந்த பூசணியின் விதைகளும், நான்கு பழுத்த தக்காளியும்தாம். தயிர் டப்பாக்களின் அடியில் ஆணியைச் சுடவைத்துத் துளையிட்டு, கொல்லை மண்ணோடு மக்கிய எருவைப் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி, ஆளுக்கு ஆறு டப்பா என்று பங்கு வைத்தேன்.

பேரன் தன் ஆறு டப்பாக்களிலும் துவரம் பருப்பைப் போட்டுவிட்டான். அவன் அறிந்த மிகச் சிறந்த உணவு பருப்புப் பூரி என்பதால், மரத்திலேயே பூரி காய்க்கும் என்று எதிர்பார்த்தானோ என்னவோ! உடைத்த பருப்பு முளைக்காது என்று நான் சொல்லவில்லை, ஒரு வாரம் விட்டுவிட்டேன். பிறகு முழுக் காராமணி பத்தை இரவில் ஊறவைத்து, காலையில் ஒன்றின் தோலை உரித்து அவன் உள்ளங்கையில் வைத்து, நகத்தால் இரண்டாகப் பிளந்து காட்டினேன். இரண்டு பருப்புகளுக்கும் நடுவில், ஒரு பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, எள்ளளவில் மடித்து வைத்த இரண்டு வெள்ளை இலைகளும் கீழே ஒரு சின்ன மூக்கும் இருந்தன. அந்த மூக்குதான் வேர். பருப்பு என்பது அந்த இலைகளுக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. ஆலையில் உடைக்கும்போது அந்த மூக்கு உதிர்ந்துவிடுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அவன் கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்று கொடுத்திருந்தால் இந்தக் கால் மணி நேரம் எங்கிருந்து வந்திருக்கும்?

அடுத்த சிக்கல், ஊன்றிய காராமணியை அவன் தினமும் தோண்டிப் பார்த்தது. திட்டிப் பயனில்லை, பார்க்கவேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஊறுகாய்க் கண்ணாடிக் குவளை ஒன்றின் உள்சுவரை ஒட்டி ஈரத் தாளைச் சுருட்டி வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விதைகளைச் செருகி, அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் விட்டு ஜன்னலோரம் வைத்தேன். இது தோண்டிப் பார்ப்பதற்கென்றே உள்ள குவளை, டப்பாவில் உள்ளது தொடக்கூடாதது என்று உடன்படிக்கை ஆயிற்று. மூன்றாம் நாள் வேர் இறங்கியது. ஒரு விதையை அவன் தலைகீழாகச் செருகியிருந்தான். அதன் வேர் முதலில் மேலே கிளம்பி, பிறகு வளைந்து கீழே திரும்பியது. ஐந்தாம் நாள் தண்டு கழுத்தை வளைத்துக்கொண்டு கிளம்பி, நிமிர்ந்தபோது பருப்பு இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தது. அதே நாளில் டப்பாவின் மண்ணும் பிளந்தது. குவளையில் பார்த்தது அங்கேயும் நடக்கிறது என்று அவனுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

பேத்தியின் கொத்தமல்லி வேறொரு கதை. பதினைந்து நாட்களாகியும் அவள் டப்பாவில் மண் மட்டுமே இருந்தது. தம்பியின் டப்பாக்கள் பச்சை விட்டிருந்தன. ‘லி ஃபின் மோர், பாட்டி?’ என்று எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டாள். செத்துவிட்டதா என்பது பொருள். வீட்டில் பிள்ளைகள் பேசுவது கிரியோல், பள்ளியில் படிப்பது தமிழ், அழுகை வரும்போது எந்த மொழி முந்துகிறதோ அது. தவறு என்னுடையது. கொத்தமல்லி விதை என்று நாம் சொல்லும் உருண்டைக்குள் விதைகள் இரண்டு. சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிரித்துப் போட்டால்தான் தண்ணீர் எளிதில் இறங்கும். அதைச் செய்யவில்லை. போதாக்குறைக்கு என் டப்பாவில் இருந்த தனியா எந்தக் காலத்தில் வாங்கியது என்று எனக்கே நினைவில்லை. பிரித்த மணிகளில் பத்தை ஈரத்துணியில் முடிந்து, துணி காயாமல் பார்த்துக்கொண்டு, பன்னிரண்டாம் நாள் அவிழ்த்தோம். முளைத்தவை இரண்டு. பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலாகக் கொடுத்த, அவ்வாண்டு காய்ந்த மணிகளில் எட்டு முளைத்தன. பத்தில் இரண்டு, பத்தில் எட்டு என்பதை நூற்றுக்கு எத்தனை என்று அவளே கணக்கிட்டு டப்பாக்களின் மேல் எழுதி ஒட்டினாள். அன்று முதல் எங்கள் வீட்டில் துணியில் முடிந்து எண்ணிப் பார்க்காத எந்த விதையும் மண்ணுக்குப் போவதில்லை.

குழந்தைகளோடு விதைப்பவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை இரண்டே. ஒன்று ஆழம். விதையின் பருமனைப் போல் இரண்டு அல்லது மூன்று பங்கு ஆழம் போதும். பிள்ளைகளோ விரலை முழுவதும் விட்டுக் குழி பறிப்பார்கள். காராமணிக்கு முதல் விரல்கணு வரை, முள்ளங்கிக்கு நகத்தின் அளவு, முளைக்கீரைக்குக் குழியே இல்லை, மணலில் கலந்து தூவி மேலே சிட்டிகை மண் என்று அவர்கள் விரலிலேயே அளவைக் காட்டிவிட வேண்டும். மற்றொன்று தண்ணீர். நம் வீடுகளில் நாற்றுகள் தாகத்தால் சாவதைவிட வெள்ளத்தால் சாவதே அதிகம். முதல் நாள் செழிப்பாக நின்ற தக்காளி நாற்றுகள் மறுநாள் காலையில் கழுத்தறுந்தாற்போல் மண்ணோடு மண்ணாகச் சாய்ந்து கிடப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது நாற்றழுகல் நோய். மண்ணில் உள்ள பூஞ்சைகள், ஈரம் தங்கி நெருக்கமாக முளைத்த இடத்தில் தண்டின் அடியை அரித்துவிடுகின்றன. பூவாளியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ‘போதும், போதும்’ என்று கத்துவதைவிட, சிறிய தண்ணீர் போத்தலின் மூடியில் ஊசியால் நான்கு துளையிட்டுக் கொடுத்துவிடலாம். அதை எவ்வளவு அமுக்கினாலும் வெள்ளம் வராது, கைக்கும் நல்ல பயிற்சி. மண்ணைத் தொட்டு, விரலில் ஒட்டினால் இன்று தண்ணீர் இல்லை என்பது விதி. நான்கு வயதுப் பிள்ளைக்கும் அது புரிகிறது.

பயிரைக் கலைப்பதுதான் மனத்துக்குக் கடினமான வேலை. முள்ளங்கி நாலாம் நாளே முளைத்துவிடும், அதுவும் பிள்ளைகள் தூவினால் கொத்துக் கொத்தாக. இரண்டு அங்குலத்துக்கு ஒன்று என விட்டு மற்றதை எடுக்காவிட்டால் கிழங்கு வைக்காது. ‘ஏன் பாட்டி, இதுவும் நான் போட்டதுதானே?’ என்று பேரன் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதபோது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு டப்பாவைக் கலைத்தும் மற்றொன்றை அவன் விருப்பப்படி விட்டும் வளர்த்தோம். கலைத்தவற்றைப் பிடுங்காமல், மீதியின் வேர் அசையாதபடி கத்தரிக்கோலால் நறுக்கி, தயிர்ப் பச்சடியில் போட்டோம். சற்றே காரமான அந்த இளங்கீரையை அவனே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஐந்தாவது வாரம் ஒரு டப்பாவில் சிவந்த உருண்டைக் கிழங்குகள் மூன்று, மற்றதில் நூல்போன்ற வேர்கள் இருபது. அவன் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை கத்தரிக்கோலை அவனே எடுத்து வந்தான்.

கொடிகளின் முறை அவ்வாண்டு புரட்டாசியில் வந்தது. பாகல் விதையின் ஓடு தடித்தது. முனையை நகவெட்டியால் சற்றே கிள்ளி, ஓரிரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் பத்து நாட்களுக்குள் முளைக்கும். இதைச் செய்துகொண்டிருந்தபோது பேத்தி, ‘காட்டில் நகவெட்டி யாரிடம் இருக்கும்?’ என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு எங்கள் தீவிலேயே ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. எங்கள் காடுகளில் மட்டும் வளரும் தம்பலாகோக் மரத்தின் கொட்டை கல்போலக் கடினமானது. டோடோப் பறவையின் இரைப்பையில் அரைபட்டால்தான் அது முளைக்கும், 17ஆம் நூற்றாண்டில் டோடோ அழிந்ததால்தான் அந்த மரமும் அருகிவருகிறது என்று 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்குப் பதினேழு கொட்டைகளைக் கொடுத்துப் பார்த்ததில் மூன்று முளைத்தனவாம். பின்னால் வந்தவர்கள், எந்தப் பறவையின் வயிற்றுக்குள்ளும் போகாமலேயே அக்கொட்டை முளைப்பதையும், டோடோ அழிந்த பிறகு முளைத்த மரங்கள் இருப்பதையும் எடுத்துக்காட்டி அம்முடிவை மறுத்துவிட்டார்கள். மறுப்பை நான் சொல்லி முடிப்பதற்குள் பேரன் நகவெட்டிக்கு டோடோ என்று பெயர் வைத்துவிட்டான். இன்றும் எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

பாகல் பிஞ்சு விட்டதும் பழ ஈ வந்து முட்டையிட்டுப் புழு வைக்கும். இந்தத் தீவில் கொடிக்காய்களுக்கு அதுதான் பெரிய எதிரி. பிஞ்சு சுண்டுவிரல் நீளம் இருக்கும்போதே காகிதக் கூம்பால் மூடிக் கட்டிவிட்டால் மருந்து அடிக்கவேண்டியதில்லை. கூம்பு சுற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். தங்கள் நாளிதழ் எனக்கு இணையத்தில் மட்டுமே கிடைப்பதால், உள்ளூர்ப் பிரெஞ்சு நாளிதழ்களே இந்தக் கௌரவத்தைப் பெறுகின்றன.

பீர்க்கு இன்னொரு வியப்பைக் கொடுத்தது. வரி பீர்க்கின் மஞ்சள் பூ சாயுங்காலத்தில்தான் விரியும். பூசணிப் பூவோ விடியலில் மலர்ந்து வெயில் ஏறுமுன் வாடும். பூசணியில் காய் பிடிக்கவில்லை என்றால், காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிக் காயோடு இருக்கும் பெண் பூவில் தடவிவிட வேண்டும். பீர்க்குக்கு அதே வேலை விளக்கு வைக்கும் நேரத்தில். பள்ளி விட்டு வந்து, பாடம் எழுதி முடித்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான காய் இல்லை. இதில் தமிழாசிரியைக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டு. சந்தையில் இங்கே எல்லா இனத்தவரும் பீர்க்கங்காயைப் ‘பிபாங்காய்’ என்றும், கொத்தமல்லியைக் ‘கோத்தோமிலி’ என்றும், முருங்கைக் கீரையை ‘ப்ரேத் முரும்’ என்றும்தான் கேட்கிறார்கள். கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் கொண்டுவந்த சொற்கள் அவை. வகுப்பில் கரும்பலகையில் எழுதி நான் பல்லாண்டுகள் சொல்லிக்கொடுத்தும் ஒட்டாத ‘பீர்க்கு’ என்ற சொல், கொடியில் கை வைத்தபோது பேரனுக்கு ஒரே மாலையில் வந்துவிட்டது. தக்காளியைக் கொத்த வரும் கொண்டைக்குருவியை இங்கே ‘கொண்டே’ என்பார்கள். இரண்டும் ஒரே பெயரா என்று பேத்தி கேட்டது அந்தப் பந்தலின் அடியில்தான்.

பாதுகாப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம். கடையில் வாங்கும் சில விதைப் பொட்டலங்களைத் திறந்தால் விதைகள் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மிட்டாய்போல் இருக்கும். அது பூஞ்சணக்கொல்லி பூசிய விதை. அப்படி ஒரு பொட்டலத்தைக் கவனிக்காமல் வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது பேரனின் உள்ளங்கை சிவந்திருந்தது. வாயில் போடவில்லை என்று உறுதியாகும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. பிள்ளைகளோடு விதைப்பவர்கள் பூச்சில்லாத விதையையே கேட்டு வாங்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டவர்கள் மூக்கிலும் காதிலும் பயறைச் செருகிக்கொள்வார்கள். ஈரம் பட்டு அது உள்ளே பருத்துவிட்டால் மருத்துவர்தான் எடுக்கவேண்டும். சிவப்பு ராஜ்மாவைப் பச்சையாக மென்றால் வாந்தி வரும். குன்றிமணியும் ஆமணக்கு விதையும் அழகாக இருந்தாலும் நஞ்சு, விளையாட்டுக்கும் வீட்டுக்குள் வரக்கூடாது. மழைக்குப் பின் வரும் பெரிய ஆப்பிரிக்க நத்தைகளை வெறுங்கையால் எடுக்க விடாதீர்கள். மூளை உறையைத் தாக்கும் புழுவை அவை சுமக்கக்கூடும். நத்தை ஊர்ந்த கீரையை நன்றாகக் கழுவிச் சமைத்தே கொடுக்க வேண்டும்.

எல்லாம் வெற்றியாக முடிந்தது என்று நான் சொல்லவில்லை. 2024 ஜனவரி 15, தைப் பொங்கல் நாள். பெலால் புயல் எங்கள் தீவை நெருங்கியது அன்றைக்குத்தான். போர்ட் லூயிஸ் வீதிகளில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போன படங்களைத் தாங்களும் வெளியிட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் பந்தல் சாய்ந்தது, மிளகாய்த் தொட்டிகள் உருண்டன, மழையில் நனைந்த மண்ணெல்லாம் முற்றத்தில் பரவிக் கிடந்தது. பொங்கல் பானையை அடுப்பங்கரையில் வைத்தோம். மறுநாள் பிள்ளைகள் இருவரும் சேற்றைத் துழாவி, சாய்ந்த கொடியில் முற்றிக் காய்ந்திருந்த பீர்க்கு ஒன்றைக் கண்டெடுத்து வந்து உலுக்கினார்கள். உள்ளே விதைகள் கலகலத்தன. நுனியைத் திறந்து கவிழ்த்தபோது கன்னங்கரிய விதைகள் அறுபதுக்கு மேல் கொட்டின. நாற்று வாங்கும் வீட்டில் தோட்டம் போனால் மறுபடி கடைக்குப் போகவேண்டும். எங்களுக்கு அந்த ஒரு காய் போதுமாயிருந்தது.

விதை எடுத்து வைப்பதிலும் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு (பிள்ளைகள் பொறுப்பதில்லை, ரசிக்கிறார்கள்) கழுவித் தட்டில் உலர்த்த வேண்டும். காராமணியும் தக்காளியும் பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறுபவை. ஆகவே எடுத்த விதை தாய்ச்செடியை ஒத்தே இருக்கும். வீரிய ஒட்டு ரகப் பூசணியின் விதையை எடுத்து வைத்து, அடுத்த ஆண்டு ஒவ்வொரு கொடியிலும் ஒவ்வொரு வடிவத்தில் காய் வந்ததைக் கண்டு நாங்கள் சிரித்தோம். அவற்றில் ஒன்று சுரைக்காய் மாதிரி நீண்டிருந்தது, சுவை சுமார்தான்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கட்டுரையின் அடுத்த பகுதியில், குழந்தைகளுக்கு நாற்று என்ற அறிவுரையை மறுபரிசீலனை செய்யும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது காராமணி, முள்ளங்கி, வெந்தயம், முளைக்கீரை ஆகிய நான்கையாவது அவர் விதைக்கு விட்டுக்கொடுக்கலாம். இரண்டாவதாக, மாதவாரியாக எதை விதைப்பது என்ற பட்டியலைத் தாங்கள் வெளியிடும்போது, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பவர்களுக்காக அருகில் இன்னொரு வரிசையையும் சேர்த்து அச்சிடுங்கள். புரட்டாசிக்கு முன் அது வெளிவருமானால் எனக்கும் உடனே உதவும். மூன்றாவது பேத்திக்கு இப்போது நான்கு வயது. போன வாரம் பத்து பாகல் விதைகளைத் துணியில் முடிந்துவைத்து, தினமும் காலையில் என் படுக்கையருகே வந்து, டோடோ எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.